பழம்பாறையில் உயிர்த்தடம் தேடும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் ஒரு மாணவி கைப்பேசியில் பாறைப் படம் ஒன்றைக் காட்டி, "அடுக்கடுக்கா கூம்பு தெரியுது, ஸ்ட்ரோமட்டோலைட்தானே சார்?" என்றாள். நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக உண்டாக்கும் பாறைப் படிவத்துக்குத்தான் அந்தப் பெயர். எந்தப் பக்கம் மேல் என்று கேட்டேன். குறித்து வைக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்து நின்றேன். சுத்தியலைக் கழுவு, கையுறை போடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விடுகிறேன்.

ஒரே வெட்டைப் பார்த்து முடிவு கட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் எடுத்த கல்லில் அழகான கூம்புகள் தெரிந்தன. எட்டு மாதம் அதிலேயே கிடந்தேன். அப்புறம் வழிகாட்டி, "குறுக்கே ஒரு வெட்டு போடு" என்றார். போட்டேன். கூம்பு இல்லை, வயல் வரப்பு மாதிரி நீளமாக ஓடிய மடிப்பு. நிலம் நெருக்கியதில் மடிந்த வெறும் படிவு. மேல் பக்கம் எது என்று கல்லில் அம்புக்குறி போட்டுப் பல பக்கம் வெட்டியிருந்தால் எட்டு நாளில் தெரிந்திருக்கும்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பழமையான ஸ்ட்ரோமட்டோலைட் கிடைத்ததாக 2016இல் ஒரு குழு அறிவித்தது. 2018இல் அபிகெயில் ஆல்வுட் குழுவினர் அதே பாறையை மற்ற பக்கங்களிலிருந்தும் பார்த்தார்கள். அங்கும் வரப்புதான். முதல் குழு அதை ஏற்கவில்லை, சண்டை நீண்டது. பில்பாராவின் ஸ்ட்ரெல்லி பூலில் உள்ள 343 கோடி ஆண்டுப் படிவமோ முட்டைத் தட்டு போல எந்தப் பக்கம் வெட்டினாலும் மேடு காட்டும்.

செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ரோவர் பாறையில் சுமார் 5 செ.மீ. வட்டத்தைத்தான் தேய்த்துப் பார்க்கும். கல்லைப் புரட்டி எல்லாப் பக்கமும் வெட்டிப் பார்க்க அதனால் முடியாது. ஒரு முகத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்தோடு அந்தப் படங்களுக்கு முன் உட்காராதீர்கள்.

உருவத்தை நம்புவது

பில்பாராவின் ஏபெக்ஸ் செர்ட் என்ற பாறையில் நுண்ணுயிர்ப் புதைபடிவம் என்று 1993இல் வில்லியம் ஷாப் விவரித்த இழைகளை, வெந்நீர் ஊற்று வழியில் உண்டான கரிப்படிவு என்று 2002இல் மார்ட்டின் பிரேசியர் மறுத்தார். கல் எங்கே உருவானது என்று முதலில் கேளுங்கள்.

பாறையின் வயதை உயிருக்கும் கொடுப்பது

பாறை பழையது. விரிசலில் குடியேறிய பாக்டீரியா புதியது.

"உயிரைத் தவிர வேறு காரணமே இல்லை" என்பது

2024இல் செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் பெர்சிவரன்ஸ் ரோவர் கண்ட செயாவா ஃபால்ஸ் பாறையில் சிறுத்தைப் புள்ளி போன்ற பொட்டுகள். நுண்ணுயிர் இரும்பையும் கந்தகத்தையும் தின்றாலும் அப்படி வரும். உயிரே இல்லாத வேதிவினையிலும் வரலாம். அந்தப் பாறையில் எடுத்த மாதிரித் துண்டு இன்னும் குழாய்க்குள் செவ்வாயில்தான் இருக்கிறது.