முதல் புத்தகம் அச்சேறுவதற்கு முன்: புதிய எழுத்தாளர்களுக்கு ஒரு செய்முறை

சிறுகதைகளை எழுதி முடித்துவிட்டீர்கள். ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குள் அவை நூலாக வந்துவிட வேண்டும் என்று விரும்புகிறீர்கள். அப்படியென்றால் ஆடி மாதத்திற்குள் பிரதியைப் பதிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். கார்த்திகையில் கொடுத்தாலும் புத்தகம் வந்துவிடும்; ஆனால் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம், சரியாகப் பார்க்காமல் வரும். பிழை மலிந்த முதல் புத்தகம் செய்யும் தீங்கை எந்த மதிப்புரையாலும் சரிசெய்ய முடியாது.

முதல் படி: பதிப்பகம்

உங்கள் வகை எழுத்தை வெளியிடும் பதிப்பகத்தின் நூல்களில் இரண்டை விலை கொடுத்து வாங்கிப் படியுங்கள். பிழைகள் தென்படுகின்றனவா, விரித்துப் பிடித்தால் தாள்கள் கழன்று வருகின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: ஒப்பந்தம்

வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்திலும் கையெழுத்தோடும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் குறிப்பிடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனியே எழுதுங்கள்.

விற்பனையில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கான ராயல்டி 10 சதவீதம் என்றால், அது அட்டை விலையிலா, கழிவு போன தொகையிலா என்று கேளுங்கள். 200 ரூபாய் நூல் 500 பிரதிகள் விற்றால் முதல் கணக்கில் உங்களுக்கு 10,000 ரூபாய். கடைகளுக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்த பிறகு கணக்கிட்டால் 6,500 ரூபாய்தான். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் உழைப்புக்கான கூலி.

மூன்றாம் படி: மெய்ப்பு

இங்கேதான் அதிக நாட்களைச் செலவிட வேண்டும். திரையில் பார்க்காதீர்கள், தாளில் எடுத்து, சிவப்பு மையால் திருத்துங்கள். முதல் முறை பொருளுக்காகப் படியுங்கள். அடுத்த முறை ஒற்றுகளை மட்டும் பாருங்கள். கதையோடு சேர்த்துப் படித்தால் அவை கண்ணில் படாது. மூன்றாம் முறை, உங்கள் கதைகளைப் படிக்காத ஒருவர் பார்க்கட்டும்.

பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பிரதி என்றால் கூடுதல் கவனம் தேவை. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும். ‘ஔ’ என்பது ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்திருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மின்னூலில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. வரி உடையும் இடங்களையும் பாருங்கள். ‘வந்தா’ ஒரு வரியிலும் ‘ன்’ அடுத்த வரியிலும் நிற்பது தமிழ்ப் பக்கத்திற்கு அழகல்ல. மெய்யெழுத்தில் தொடங்கும் வரி ஒன்றைக்கூட விடாதீர்கள்.

திருத்தியபின் புதிய மெய்ப்புத் தாள்களை வாங்கி, பழையவற்றோடு ஒப்பிடுங்கள். ஒரு பிழையைத் திருத்தும்போது பக்கத்திலேயே இன்னொன்று நுழைவது வழக்கம்.

நான்காம் படி: பக்கக் கணக்கு

டெம்மி என்னும் வழக்கமான அளவு நூலில் பொதுவாக 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாகச் சேர்த்து அச்சிடும் தொகுதி. 147 பக்கம் வந்தால் 10 ஃபாரம், அதாவது 160 பக்கம் அச்சாகும். 13 பக்கம் வெறுமையாக நிற்கும். முன்னுரையைச் சுருக்கி 3 பக்கம் குறைத்தால் 144, சரியாக 9 ஃபாரம். நன்றியுரை நீளும் நூல்களுக்கு இது நல்ல மருந்து.

ஐந்தாம் படி: எண்ணும் நூலகமும்

நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன்னைப் புதுதில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் வெவ்வேறு எண்கள் வேண்டும்.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்திற்கு ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். அதைத் தன் செலவில் அனுப்புவது பதிப்பாளரின் கடமை. வெளியீட்டு விழா முடிந்த வாரமே அவரிடம் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் நினைவூட்டுங்கள்.