புதுக்கொழுந்து சீன கிரீன் டீயை நாலு பேரோடு சேர்ந்து சுவைப்பது எப்படி?

சீனாவில் கிரீன் டீ பிரியர்கள் வசந்த காலத்துக்காகக் காத்திருப்பார்கள். முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் சிங்மிங் நாள் ஏப்ரல் 4 அல்லது 5-இல் வரும். அதற்கு முன் கிள்ளிய கொழுந்துக்கு விலை அதிகம். குளிர் விலகாத நேரத்தில் மெதுவாக வளர்வதால் அதில் அமினோ அமிலங்கள் கூடுதலாகவும் துவர்ப்பு குறைவாகவும் இருக்கும். ஏப்ரல் 20 வாக்கில் வரும் குயூ நாளுக்கு முன் பறித்ததும் அருமையாகவே இருக்கும், விலையும் குறைவு. முதல் தடவைக்கு அதையே வாங்குங்கள்.

1. மூன்று வகை போதும். அதற்கு மேல் போனால் நாக்கு களைத்துவிடும். என் தேர்வு: ஹாங்சோவின் லோங்ஜிங், சூசோ பக்கம் தைஹு ஏரிக்கரையில் விளையும் பிலுவோசுன், ஆன்ஹுய் மாகாணத்து ஹுவாங்ஷான் மாவோஃபெங். பாக்கெட்டில் பறித்த ஆண்டைப் பாருங்கள். போன வருடத்துச் சரக்கு என்றால் வேண்டாம்.

2. ஆளும் நேரமும். ஐந்து பேர் வசதி. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பதினொரு மணி வாக்கில் உட்காருங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். அன்று யாரும் சென்ட் அடித்துக்கொண்டு வரக் கூடாது.

3. அளவு. இதில் மட்டும் கறாராக இருங்கள். ஒவ்வொரு வகைக்கும் 3 கிராம் இலை, 150 மில்லி தண்ணீர், ஏறக்குறைய 80 டிகிரி சூடு, 2 நிமிடம். மூன்றுக்கும் ஒரே கணக்கு இருந்தால்தான் தெரியும் வித்தியாசம் இலையுடையது என்று நம்பலாம். ஸ்பூனால் அளக்காதீர்கள், தட்டையான லோங்ஜிங்கும் சுருண்ட பிலுவோசுனும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது. தெர்மாமீட்டர் இல்லையா? கொதித்த நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி நான்கைந்து நிமிடம் திறந்து வையுங்கள். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம், மணத்தையே அமுக்கிவிடும்.

4. ஊற்றும் முறை. லோங்ஜிங்குக்கும் மாவோஃபெங்குக்கும் இலை மேல் தண்ணீர். பிலுவோசுனுக்கு நேர்மாறு: முதலில் தண்ணீர், பிறகு மேலே இலையைத் தூவுங்கள். சுருள்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதை எல்லோரும் குனிந்து பார்க்கட்டும், அத்தனை அழகு. நீர் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். தூசி என்று பயப்பட வேண்டாம், அது இளங்கொழுந்தின் வெள்ளைப் பூனைமுடி. அப்புறம் வடித்து, ஆளுக்கு ஒரு வாய் வருகிற மாதிரி பங்கு போடுங்கள்.

5. பேசாமல் எழுதுங்கள். ஒருவர் "புல் வாசம்" என்று சொன்னால் போதும், அடுத்த நிமிடம் எல்லோருக்கும் புல் வாசம்தான் வரும். அதனால் வாயில் சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் பரவவிட்டு, மணம், இனிப்பு, துவர்ப்பு, தொண்டையில் நிற்பது ஆகிய நான்கையும் அவரவர் குறித்துக்கொண்ட பிறகே பேச்சு. சூடான இரும்புச் சட்டியில் கையால் அழுத்தி வறுத்த லோங்ஜிங்கில் வறுபயறு மணம் வரும். மாவோஃபெங் பூ மணத்தோடு மென்மையாக இருக்கும். ஒருவருக்குக் கசந்தது இன்னொருவருக்கு இனித்தால் விட்டுவிடுங்கள், தீர்ப்பு வேண்டாம்.

6. இரண்டாவது ஊற்று. அதே இலையில் மறுபடி ஊற்றுங்கள். நல்ல கொழுந்து மூன்று ஊற்று வரை தாங்கும். கடைசியில் வெந்த இலையை வெள்ளைத் தட்டில் விரித்துப் பார்த்தால், முழுக் கொழுந்தா உடைந்த தூளா என்பது தெரிந்துவிடும்.

மீந்ததைக் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் இலையில் ஈரம் கோத்துக்கொள்ளும்.