யாழ்ப்பாணம் போகிறீர்களா? உறவுமுறை தெரிந்துகொண்டு போங்கள்

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்குப் போகிறவர்கள் சூட்கேஸின் நிறை, நுளம்புக்குப் பூசும் மருந்து, பிள்ளைகளுக்கு வேட்டி, பாவாடை எல்லாம் யோசித்துவிடுகிறார்கள். படலையைத் திறந்ததும் வரப்போகும் கேள்விக்குத்தான் ஆயத்தம் இருப்பதில்லை: "தம்பி ஆற்றை (யாருடைய) பிள்ளை?"

இதற்கு உங்கள் பெயரோ லண்டனில் பார்க்கும் வேலையோ பதிலாகாது. அப்பாவின் பெயரும் பல நேரம் போதாது, அவர் இருபது வயதிலேயே ஊரைவிட்டுப் போயிருப்பார். அப்பப்பா அல்லது அம்மப்பாவின் பெயர், அவர் என்ன செய்தார், வீடு எந்தப் பக்கம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "சந்தியடி வாத்தியாரின்ரை பேரப்பிள்ளை" என்றால் வேலை முடிந்தது. மிச்சத்தை, கேள்வி கேட்ட அம்மாவே கணக்குப் பார்த்து, "அப்ப நீ எனக்குப் பெறாமகன்" என்று முடித்துவிடுவார். 'தம்பி' அந்த நிமிடத்தில் 'நீ' ஆகிவிடும். அதை மரியாதைக் குறைவு என்று எடுக்காதீர்கள், உங்களை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

ரொறன்ரோவிலும் பாரிஸிலும் எல்லாரையும் 'கசின்' என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். ஊரில் அது நடக்காது. பாட்டன் பாட்டியின் உடன்பிறந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள்வரை, அவரவருக்கு ஒரு முறை உண்டு. மரம் வரைந்து மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை. ஒரே கேள்வி போதும்: அப்பா அல்லது அம்மா இவரை எப்படிக் கூப்பிடுவார்?

அப்பா தம்பி என்றால் உங்களுக்குச் சித்தப்பா, அண்ணன் என்றால் பெரியப்பா. அவர்களுடைய பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி. அப்பா தங்கச்சி அல்லது அக்கா என்றால் மாமி, பிள்ளைகள் மச்சான், மச்சாள். அப்பாவுக்கு மச்சான் என்றால் உங்களுக்கு மாமா, அங்கேயும் பிள்ளைகள் மச்சான், மச்சாள்தான். அம்மாவின் பக்கமும் இதே கணக்கு: அவருக்கு அக்கா, தங்கச்சி என்றால் பெரியம்மா, சின்னம்மா, அண்ணன், தம்பி என்றால் மாமா. கொஞ்சம் சிக்கலான இடம் அப்பாவின் மச்சாள். கணக்குப்படி அவருடைய கணவர் அப்பாவுக்குச் சகோதர முறை, ஆகவே அவர் உங்களுக்குச் சின்னம்மா முறை. ஆனால் மாமி என்று கூப்பிட்டே வளர்ந்த வீடுகளும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்களோ அதையே நீங்களும் சொல்லுங்கள்.

எவ்வளவு தூரம் என்பதற்கு 'விட்ட' கணக்கு. சித்தப்பா, பெரியப்பா, பெரியம்மா, சின்னம்மாவின் பிள்ளைகள் ஒன்றுவிட்ட சகோதரம். அடுத்த படி இரண்டுவிட்ட சகோதரம். மச்சான் பக்கம் எண்ணும்போது ஒரு படி பிந்தித் தொடங்குவார்கள்: சொந்த மாமா மாமியின் பிள்ளை 'சொந்த மச்சான்', அதற்கு அடுத்த வட்டம்தான் 'ஒன்றுவிட்ட மச்சான்'. ஆகவே இரண்டுவிட்ட அண்ணனும் ஒன்றுவிட்ட மச்சானும் உங்களுக்கு ஒரே தூரம். இது விளங்காமல், "அவர் ஒன்றுவிட்டவர், இவர் இரண்டுவிட்டவர், அப்ப அவர்தானே கிட்ட?" என்று கேட்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். இது விவாதிக்கிற காரியம் இல்லை என்பது பெரியவர்களின் முகத்திலேயே தெரியும்.

மாத்துச் சம்பந்தம் (இரண்டு வீட்டாரும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது) நடந்த குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு வழியாலும் சொந்தமாக இருப்பார். கிட்டின வழியால் கூப்பிடுவதே வழக்கம்.

முறை பிழைத்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை, சிரிப்பார்கள். ஆனால் அண்ணனா மச்சானா என்பதில் கவனம் வேண்டும். மச்சான் மச்சாள் முறைக்குள் கலியாணம் பேசலாம் என்ற வழக்கம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது, பகிடியும் அந்த முறைக்குத்தான். பதினாறு வயதுப் பிள்ளை, அத்தான் முறையான பெடியனை "அண்ணா" என்று கூப்பிட்டால், குசினிக்குள் இருந்து ஒரு குரல் வரும்: "ஐயோ, ஒரு சம்பந்தம் கெட்டுப்போச்சு!" பிள்ளைக்கு இந்தப் பகிடி பிடிக்காமல் போகலாம். முதலே விஷயத்தைச் சொல்லி வையுங்கள், பிடிக்காவிட்டால் நீங்களே பேச்சை மாற்றிவிடுங்கள். பெரியவர்கள் அதையும் விளங்கிக்கொள்வார்கள்.

கலியாண வீட்டில் இந்த முறைகளுக்கு வேலையும் இருக்கிறது. மாப்பிள்ளைத் தோழனாக நிற்பவர் பெண்ணின் சகோதரன். சொந்தச் சகோதரன் இல்லையென்றால் ஒன்றுவிட்டவரைத் தேடுவார்கள். கனடாவில் இருந்து வந்து சும்மா நிற்கும் தம்பியில்தான் கண் விழும். வேட்டி கட்டத் தெரிந்திருந்தால் நல்லது.

புறப்பட முன் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று பழைய நினைவு மலர்கள். ஒருவர் இறந்து 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம், பலரும் 'கல்வெட்டு' என்பார்கள். திருமுறைப் பாடல்களைத் தாண்டிப் போனால் சிலவற்றில் வம்சாவளியே போட்டிருக்கும். அம்மாவின் அலுமாரியில் கிடைக்காவிட்டால் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், இப்படியான மலர்கள் நிறைய மின்னுருவாக்கி வைத்திருக்கிறார்கள். மரண அறிவித்தல்களும் உதவும். ஒரு எச்சரிக்கை: அங்கே "இன்னார் தம்பதிகளின் அன்பு மருமகனும்" என்று வந்தால் மகளின் கணவர் என்று அர்த்தம். வீட்டுப் பேச்சில் அதே 'மருமகன்' ஆணுக்கு அக்கா தங்கச்சியின் மகன், பெண்ணுக்கு அண்ணன் தம்பியின் மகன்.

போகும் வீடுகளில் அண்மையில் யாராவது இறந்தார்களா என்று விசாரித்துவிட்டே போங்கள். துக்கம் விசாரிக்காத வீட்டுக்குச் சொக்லேட் பையோடு சிரித்துக்கொண்டு நுழைவது அழகில்லை. துடக்கு (இறப்புத் தீட்டு) உங்களுக்கும் உண்டா என்பதும் முறையைப் பொறுத்தது. கோயிலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் பெரியவர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, காணி. மூன்றாவது தேத்தண்ணியோடு அந்தப் பேச்சு வந்துவிடும். "உங்கட அப்பப்பான்ரை பங்கும் இதுக்குள்ளை இருக்கு, ஒரு கையெழுத்துத்தான்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு இன்றும் சட்டம். அதன்படி பங்குக் காணியை விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கும், விற்பவரின் வாரிசாகக்கூடிய உறவினருக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது, அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே நீங்கள் யாருக்கு என்ன முறை என்பது இங்கே கூப்பிடுகிற விஷயம் மட்டும் இல்லை. அற்றோர்னித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) உட்பட எந்தக் கடதாசியிலும் விறாந்தையில் இருந்து கையெழுத்துப் போடாதீர்கள். "அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன் மாமா" என்று சொல்லி, காணி உறுதியின் பிரதி ஒன்று வாங்கிக்கொண்டு நீங்களே தெரிவுசெய்த சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பிரதி தர மனமில்லாதவரின் கடதாசியைப் பற்றிப் பிறகு யோசிக்கவே வேண்டாம்.