ஆற்றோரப் பாதையில் சைக்கிள்: பாலங்களை எண்ணிக்கொண்டு போங்கள்

நகரத்துக்குள் ஆற்றை ஒட்டிப் போட்ட பாதையில் மேடும் இல்லை, லாரியும் இல்லை. பல வருடம் சைக்கிளைத் தொடாதவர்கள் மீண்டும் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் நானும் அங்கேதான் தொடங்கினேன்.

முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். தாழ்ந்த சீட்டில் ஓட்டி ஒரு மாதம் முழங்கால் வலியை அனுபவித்திருக்கிறேன்.

அடுத்தது காற்று. கட்டடங்களுக்கு நடுவே ஆறு ஒரு திறந்த வெளி. தெருவில் உறைக்காத காற்று அங்கே முகத்தில் அறையும். அதனால் எதிர்காற்றில் போய், பின்காற்றில் திரும்புங்கள். ஒருநாள் காற்று தள்ளியதை என் கால் பலம் என்று நம்பி ஆறாவது பாலம் வரை போய்விட்டேன். திரும்பும்போது நான்காவது பாலத்திலேயே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். அன்றிலிருந்து பாலக் கணக்குதான்: புதியவர்களுக்கு முதல் நாள் இரண்டு பாலம் போதும்.

பாலத்தடியில்தான் முழுக் கவனம் வேண்டும். பாதை அங்கே நீர்மட்டத்தை நோக்கி இறங்கும். வெயில் படாததால் ஈரம் காயாது. வெள்ளம் வடிந்தபின் வண்டலும் பாசியும் தங்கிவிடும். வெளிச்சத்திலிருந்து நுழைந்ததும் சில நொடிகள் கண்ணும் தெரியாது. ஆகவே நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். வழுக்கும் இடத்தில் பிரேக் பிடிக்காமல், ஹேண்டில்பாரைத் திருப்பாமல், நேராக உருள விடுங்கள். நான் உள்ளே போய்ப் பிரேக் பிடித்தேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. பாதையில் தண்ணீர் ஏறியிருந்தால் திரும்பிவிடுங்கள். நகரத்தில் வெயிலடித்தாலும் மேலே எங்கோ பெய்த மழையில் ஆறு உயரும். கலங்கிய நீருக்கடியில் பாதையின் விளிம்பு தெரியாது.

நடப்பவர்களுக்கே அங்கே முதல் உரிமை என்று நினைத்து ஓட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து மணி அடிக்காதீர்கள். இருபது மீட்டர் முன்பே ஒருமுறை அடித்து, அவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று பார்த்துவிட்டுக் கடந்து செல்லுங்கள். நாய் பாதையின் ஒரு ஓரத்திலும் அதன் சொந்தக்காரர் மறு ஓரத்திலும் இருந்தால் நின்றேவிடுங்கள்: நடுவில் இழுபட்டிருக்கும் மெல்லிய கயிறு கண்ணுக்குத் தெரியாது.

விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். பாலத்தடியில் எதிரே வருபவருக்கு நீங்கள் தெரிவது அதனால்தான்.