வெள்ளை அஸ்பாரகஸ்: வாங்குவதிலும் சமைப்பதிலும் செய்யும் தவறுகள்

ஜெர்மனியில் என் முதல் வசந்தம். சந்தையில் எல்லோரும் வாங்குகிறார்களே என்று நானும் ஒரு கிலோ வெள்ளை அஸ்பாரகஸ் வாங்கினேன். கழுவி, நறுக்கி, பச்சை அஸ்பாரகஸைச் சமைப்பதுபோல எண்ணெயில் வதக்கி விருந்தாளிகளுக்குப் பரிமாறினேன். மென்று மென்று கடைசியில் வாயில் நார் மட்டும் மிஞ்சியது. முருங்கைக்காய் என்றால் சக்கையைத் துப்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இதை என்ன செய்வது? ஆளாளுக்குத் தண்ணீர் குடித்து விழுங்கினோம்.

வெள்ளையைப் பச்சையைப் போல நடத்தியதுதான் நான் செய்த தவறு. இரண்டும் ஒரே செடியின் இளந்தண்டுதான். பச்சை வெயிலில் வளர்கிறது. வெள்ளைக்காக, செடி வரிசையின் மேல் மண்ணைக் குவித்து மேடு கட்டுகிறார்கள். தண்டு வெளிச்சத்தைப் பார்க்கும் முன்பே வெட்டிவிடுவதால் அதில் பச்சையம் உருவாவதில்லை. பச்சைக்கு அடிப்பகுதியை மட்டும் லேசாகச் சீவினால் போதும், மெல்லியதாக இருந்தால் அதுவும் வேண்டாம். வெள்ளையை முழுக்கச் சீவியே ஆக வேண்டும்.

சீவுவதிலும் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். விலை கொடுத்து வாங்கியது வீணாகிறதே என்று மெல்லிய தோலாக எடுத்தால், ஒரு கீற்று நார் நின்றாலும் அந்த வாய் கெட்டுவிடும். நுனிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே தொடங்கி அடி நோக்கிச் சீவுங்கள். கீழே போகப் போகத் தோல் தடிக்கும், அங்கே கொஞ்சம் அழுத்திச் சீவலாம். நுனியைத் தொட வேண்டாம். தண்டை அந்தரத்தில் பிடித்துச் சீவினால் படக்கென்று முறியும். உள்ளங்கையிலும் முன்கையிலும் படுக்கவைத்து, மெல்லத் திருப்பித் திருப்பிச் சீவுவதே வழி. கடைசியில் அடியை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெட்டி எடுங்கள். கட்டையாக இருந்தால் இன்னும் கொஞ்சம்.

சீவிய தோலைக் குப்பையில் போடாதீர்கள். சுவையில் பாதி அதில் இருக்கிறது என்றே சொல்வேன். அதற்காகத்தான் சீவும் முன்பே தண்டுகளை நன்றாகக் கழுவச் சொல்கிறார்கள். தோலையும் வெட்டிய அடிகளையும் தண்ணீரில் போட்டு ஒரு கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதிக நேரம் விட்டால் கசப்பு இறங்கும். அந்தத் தண்ணீரிலேயே தண்டுகளை வேகவைக்கலாம். மீதியில் வெண்ணெயும் மைதாவும் கிரீமும் சேர்த்தால் மறுநாளைக்கு சூப் தயார்.

வேகவைக்கும் தண்ணீரில் உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, சிறு துண்டு வெண்ணெய். சர்க்கரை லேசான கசப்பை அடக்கும். எலுமிச்சை சேர்ப்பவர்கள் சில துளிகளோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரசம் மாதிரி ஆகிவிடும். தண்டின் பருமனைப் பொறுத்துப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம் ஆகும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல், முள்கரண்டியால் ஒரு தண்டை நடுவில் தூக்கிப் பாருங்கள். இரு பக்கமும் லேசாக வளைந்தால் பதம். விறைத்து நின்றால் இன்னும் வேக வேண்டும். துவண்டு தொங்கினால், சரி, சூப்தான்.

நம் கை உடனே மிளகாய்த்தூளுக்குப் போகும். பச்சை அஸ்பாரகஸைக் கடுகு தாளித்துத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் நன்றாகவே இருக்கும், நானே செய்கிறேன். வெள்ளையின் சுவை மிக மென்மையானது, மசாலா பட்டால் காணாமல் போய்விடும். ஜெர்மனியில் இதற்குத் துணை உருக்கிய வெண்ணெய் அல்லது ஹொலாண்டேஸ் சாஸ் (முட்டை மஞ்சள்கருவையும் வெண்ணெயையும் அடித்துச் செய்வது), புது உருளைக்கிழங்கு, வேண்டுமானால் ஹாம் என்ற பதப்படுத்திய பன்றி இறைச்சி. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வேகவைத்த முட்டையை நசுக்கி, வெண்ணெயும் பார்ஸ்லியும் சேர்த்து மேலே போடுகிறார்கள். இத்தாலியின் பஸ்ஸானோ ஊரிலும் முட்டைதான் ஜோடி. மரக்கறி சாப்பிடுகிறவர்களும் முட்டை சேர்ப்பவர்கள் என்றால் இந்த இரண்டும் கைகொடுக்கும்.

இனி வாங்கும் இடத்துக்கு வருவோம். ஒல்லியானது இளசு என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். வெள்ளையில் பருமனானதே நல்லது. ஒல்லியைச் சீவினால் கையில் என்ன மிஞ்சும்? புதியதா என்று பார்க்க, இரண்டு தண்டுகளை ஒன்றோடொன்று உரசுங்கள், கீச்சென்று சத்தம் வர வேண்டும். வெட்டிய முனை ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து சுருங்கியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். நுனி ஊதாவாக இருந்தால் கெட்டுப்போனதல்ல, மண்ணுக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். சூப்புக்கு வாங்குபவர்கள் முதல் தரத்துக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. வளைந்தது, முறிந்தது, இரண்டாம் தரம், எல்லாம் ஒரே பானைக்குத்தான் போகின்றன.

வீட்டுக்கு வந்ததும் சிலர் பூங்கொத்து மாதிரி தண்ணீரில் நிறுத்திவைக்கிறார்கள். பச்சைக்கு அது பொருந்தும். வெள்ளையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

விலையைக் கேட்டு மலைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டில் மண் லேசாக வெடித்திருப்பதைக் கண்டு, கையால் மண்ணை விலக்கி, நீளமான கத்தியால் அடியில் வெட்டி, குழியை மறுபடி மூட வேண்டும். ஒவ்வொரு தண்டுக்கும் இதே வேலை. பெரும்பாலும் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வருகிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவால் எல்லைகள் அடைபட்டிருந்த நேரத்திலும் ருமேனியாவிலிருந்து தொழிலாளர்களை விமானத்தில் அழைத்துவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் மார்ச்சிலேயே அவசரப்பட்டு வாங்காதீர்கள். அப்போது கிடைப்பது தூரத்திலிருந்து வந்ததாகவோ, நிலத்தைச் சூடாக்கி முன்கூட்டி எடுத்ததாகவோ இருக்கும், விலையும் உச்சத்தில் நிற்கும். மே மாதத்தில் பெர்லின் பக்கத்து பேலிட்ஸ், தெற்கே ஷ்வெட்ஸிங்கன், பவேரியாவின் ஷ்ரோபன்ஹவுசன் போன்ற ஊர்களில் சாலையோரக் கடைகளிலேயே அன்று வெட்டியது கிடைக்கும், விலையும் இறங்கியிருக்கும்.

ஊர்க்காரர்கள் கேட்பதுண்டு: இது நம்ம தண்ணீர்விட்டான் கிழங்குதானே? இல்லை. இரண்டும் ஒரே பேரினம், ஆனால் வேறு வேறு செடி. சித்த மருந்துக்குப் போவது அதன் கிழங்கு. இங்கே தட்டுக்கு வருவது இதன் தண்டு. மருந்து என்று நினைத்து இதை வாங்க வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு சிறுநீரில் ஒரு வினோத வாடை வந்தால் பயந்து மருத்துவரிடம் ஓடாதீர்கள். இதில் உள்ள ஒரு அமிலம் உடலில் கந்தகச் சேர்மங்களாக உடைவதால் வருவது அது. எல்லாருடைய மூக்கும் அதை உணர்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஜூன் 24, புனித யோவான் நாள், ஜெர்மனியில் அஸ்பாரகஸ் அறுவடையின் வழக்கமான கடைசி நாள். ‘கிர்ஷன் ரோட், ஷ்பார்கல் டோட்’ என்பார்கள்: செர்ரி சிவந்தால் அஸ்பாரகஸ் செத்தது. அதற்குப் பிறகும் வெட்டினால், செடி இலை விட்டு அடுத்த ஆண்டுக்கான சத்தை வேரில் சேர்க்க முடியாமல் போகும். ஆகவே ஜூலையில் போய்த் தேடிப் பயனில்லை. வேண்டுமென்றால் ஜூன் நடுவில் ஒரு கிலோ கூடுதலாக வாங்கி, சீவி, வேகவைக்காமல் அப்படியே உறையவையுங்கள். சமைக்கும் நாளில் உருகவிடக்கூடாது, உருகினால் தண்டு கொழகொழத்துப் போகும். கல்லாக இருப்பதை அப்படியே கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள்.