சிமெண்ட் கடைக்கு ஒரு நடைக்கு எத்தனை மூட்டை? லாரி வாடகையையும் கையிருப்புச் செலவையும் சேர்த்துப் போடும் கணக்கு

கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்தால் லாரி வாடகை ஏறும். மொத்தமாக வாங்கி அடுக்கினால் முதல் முடங்கும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் அளவைக் காண உதவும் சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-இல் வெளியிட்டார். அதை ஆண்டுக்கு 1,200 மூட்டை விற்கும் ஒரு சிறிய கடைக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ரசீதுகளில் உள்ளவற்றை அவற்றின் இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில், ஒரு நடைக்கு ஆகும் செலவைப் பிரித்தெடுங்கள். 200 மூட்டை, அதாவது 10 டன், ஏற்றும் லாரியின் வாடகை 1,500 ரூபாய் என்க. ஏற்றுகூலியையும் இறக்குகூலியையும் இதில் சேர்க்க வேண்டாம். அவை மூட்டைக் கணக்கில் கொடுக்கப்படுவதால், எத்தனை நடையாக வாங்கினாலும் ஆண்டுத் தொகை மாறாது. புதிதாகக் கணக்கிடுவோர் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது, ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவு. 350 ரூபாய் மூட்டைக்கு 12 சதவீத வட்டி 42 ரூபாய். குடோன் வாடகை, கிழிசல், கட்டிதட்டிப்போவது ஆகியவற்றுக்கு 18 ரூபாய். ஆக 60 ரூபாய். கடன் வாங்காமல் சொந்தப் பணத்தில் வாங்கினாலும் வட்டியை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அந்தப் பணம் வேறு சரக்கில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானம் இங்கே முடங்கிக் கிடக்கிறது.

இனிச் சூத்திரம்: ஆண்டு விற்பனையை நடை வாடகையால் பெருக்கி, இரட்டித்து, வைப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 1,200 × 1,500 × 2 ÷ 60 = 60,000. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 245, அதாவது நடைக்கு 245 மூட்டை.

இந்த எண்ணை அப்படியே ஆர்டர் செய்துவிடக் கூடாது. 245 மூட்டைக்கு இரண்டு லாரி தேவை என்பதால் நடைச் செலவு 3,000 ஆகி, ஆண்டுச் செலவு 22,000 ரூபாயைத் தாண்டும். ஒரே லாரியில் 200 மூட்டை என்றால், 6 நடைக்கு 9,000 ரூபாயும், சராசரி இருப்பான 100 மூட்டைக்கு (200 மூட்டை விற்று விற்றுத் தீர்வதால் அதில் பாதி) 6,000 ரூபாயும் சேர்ந்து 15,000 ரூபாய்தான். சிறிய வண்டியையும் விசாரியுங்கள். 100 மூட்டை ஏற்றும் வண்டி 900 ரூபாய்க்குக் கிடைத்தால், 12 நடைக்கு 10,800, இருப்புக்கு 3,000, மொத்தம் 13,800 ரூபாய். மூட்டைக்கு வாடகை ஏழரை ரூபாயிலிருந்து ஒன்பதாக உயர்ந்தபோதும் மொத்தச் செலவு குறைகிறது. ஆகவே மூட்டை வாடகையை மட்டும் பார்த்து வண்டியை முடிவுசெய்யாதீர்கள்.

சிமெண்டுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் அதன் வலிமை குறையத் தொடங்கும் என்பதால், கணக்கு எவ்வளவு பெரிய அளவைக் காட்டினாலும் அந்தக் காலத்துக்குள் விற்றுத் தீரும் அளவுக்கு மேல் வாங்கக் கூடாது.

கடைசியாக, எப்போது ஆர்டர் சொல்வது? ஆண்டுக்கு 300 நாள் கடை திறந்திருந்தால் நாளொன்றுக்கு 4 மூட்டை போகும். சரக்கு வர 5 நாளானால் அதற்கு 20 மூட்டை, தாமதத்துக்கு இன்னும் 20. இருப்பு 40-க்கு இறங்கியதும் சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் கட்டட வேலை மந்தமாகும்போது நாள் விற்பனையைத் திருத்தி, இந்த 40-ஐயும் குறைத்துக்கொள்ளுங்கள். புதிய லோடை எப்போதும் பழைய மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்குங்கள்.