விமானியின் வரைபடத்தில் உயரத்தை வாசிப்பது எப்படி?

விமானம் ஓட்டக் கற்க வருபவர்களுக்கு நான் முதலில் விரித்துக் காட்டுவது சான் பிரான்சிஸ்கோ செக்‌ஷனல் சார்ட். கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்காக அமெரிக்காவில் அச்சிடும் வரைபடம் இது, அளவு 1:5,00,000. குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த உயரத்தைப் பார்த்தாலும் 'கடல்மட்டத்திலிருந்தா, தரையிலிருந்தா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் உயரம் காட்டும் கருவியான ஆல்டிமீட்டர் காட்டுவது கடல்மட்டக் கணக்கை.

நகரத்துக் குன்றின்மேல் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரமான சுட்ரோ கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 977 அடி. ஆனால் அது தரையிலிருந்து. குன்றையும் சேர்த்தால் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1800 அடியைத் தாண்டிவிடும். வரைபடத்தில் தரைக்கணக்கு அடைப்புக்குறிக்குள் இருக்கும், கடல்மட்டக் கணக்கு தடித்த எழுத்தில் இருக்கும். அடைப்புக்குறியை மட்டும் பார்த்துவிட்டு 1500 அடியில் வருபவர் நேராகக் கோபுரத்தை நோக்கித்தான் வருகிறார்.

வரைபடத்தில் கோடுகளால் பிரித்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெரிய எண் தெரியும். பெரிதாக 4, பக்கத்தில் சிறிதாக 3 என்றால் 4300 அடி. இதைப் 'பாதுகாப்பான உயரம்' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அந்தக் கட்டத்திலேயே உயரமான மலையோ கோபுரமோ எட்டும் அளவை, சிறிது கூட்டிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். மலைப்பகுதியில் நான் 2000 அடிக்குக் குறைய விடமாட்டேன்.

விமான நிலையங்கள் எளிது. நீலம் என்றால் கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு, பாலோ ஆல்டோ மாதிரி. மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) என்றால் இல்லை. கடலோரத்து ஹாஃப் மூன் பே அப்படி. அதன் பெயருக்குக் கீழே வரும் 66 கடல்மட்டத்திலிருந்து நிலையத்தின் உயரம். 50 என்பது ஓடுபாதையின் நீளம், இரண்டு பூஜ்யம் சேர்த்து 5000 அடி.

அப்புறம் வான்பரப்பு. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கெட்டியான நீலக் கோடுகள் கிளாஸ் பி, அதாவது பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்பரப்பு. மேலே 100, கீழே 30 என்று போட்டிருந்தால், இங்கேயும் இரண்டு பூஜ்யம் சேர்த்து 3000 முதல் 10,000 அடிவரை, கடல்மட்டக் கணக்கில். கட்டுப்பாட்டாளர் வாய்விட்டு அனுமதி சொல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. ஓரம் மங்கிய மெஜந்தாப் பட்டைக்குள் கிளாஸ் ஈ என்ற இன்னொரு வகைக் கட்டுப்பாட்டு வான்பரப்பு 700 அடியில் தொடங்கும், இதுமட்டும் தரைக்கணக்கு! இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

வரைபடம் 56 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கிளம்புவதற்கு முன் அட்டையிலுள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். பழையதென்றால், இடையில் எழும்பிய கோபுரங்கள் அதில் இருக்காது.